பைப்புக்கு ஓட்டை விட்டீர்கள், காற்றுக்கு எங்கே?

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடி வீடு கட்டி விற்கும் பில்டர்களுக்கும், அவர்களுக்குப் பிளான் போட்டுத் தரும் ஆர்க்கிடெக்ட், என்ஜினியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஏ.சி. மெக்கானிக். 1999-ல் பாலிடெக்னிக் முடித்து ஒரு டீலரிடம் ஹெல்பராகச் சேர்ந்தவன். இன்று மூன்று பையன்களை வைத்துக்கொண்டு வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம், ஓ.எம்.ஆர். பக்கம் சொந்தமாக சர்வீஸ் பார்க்கிறேன். நீங்கள் கட்டிய வீடுகளுக்குள் உங்களைவிட அதிகம் போய் வந்தவன் நான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சாவி கைமாறிய பிறகு அந்தப் படுக்கையறைக்குள் நீங்கள் ஏன் போகப் போகிறீர்கள்? நான் வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன். கட்டில்மேல் பழைய பெட்ஷீட்டை விரித்து, ஸ்டூல் போட்டு ஏறி, இண்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றினால், அந்த வீட்டுக்காரர்கள் ஆறு மாதமாக எதை மூச்சில் இழுத்தார்கள் என்பது என் முகத்துக்கு நேரே இருக்கும். காலையும் மாலையும் ஊதுபத்தி ஏற்றுகிற வீட்டு ஃபில்டர் ஒரு நிறம். தினமும் எண்ணெய்ச் சட்டி வைக்கிற வீட்டு ஃபில்டர் இன்னொரு நிறம். அதில் தூசு உதிராது, பிசுபிசுவென்று ஒட்டும், சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் கேட்க வந்தது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு படுக்கையறைச் சுவரிலும் ஏ.சி. பைப் போவதற்கு மூன்று அங்குலத்தில் ஒரு ஓட்டை விடுகிறீர்கள். அதே சுவரில் நான்கு அங்குலத்தில் இன்னொரு ஓட்டை வேண்டும், காற்றுக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிற பேச்சுதான். ஆனாலும் அந்த ஓட்டை எதற்கு என்று விவரமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் இதை மடித்து வைத்துவிடுவீர்கள் என்று தெரியும்.

ஒரு மே மாதம், ஏழாவது மாடி வீடு ஒன்றிலிருந்து போன் வந்தது. குடிவந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. "ஏ.சி. நல்லாத்தான் ஓடுது தம்பி, ஆனா காலைல எந்திரிச்சா தலை கல்லு மாதிரி இருக்கு. சின்னவன் ராத்திரில ரெண்டு தடவை எழுந்து உக்காந்துக்கிறான். கேஸ் லீக் ஆகுதா பாருங்களேன்" என்றார் அந்த அக்கா. போய்ப் பார்த்தேன். லீக் இல்லை. பிரஷர் சரி, காயில் சுத்தம், டிரெயின் அடைப்பு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை. கரண்ட் பில் கட்டுப்படியாகாமல் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேரும் ஒரே ஏ.சி.யில் படுக்கிறார்கள். ஜன்னலுக்கு ரப்பர் பீடிங் வைத்த யு.பி.வி.சி. ஸ்லைடிங். கதவுக்கு அடியில் குளிர் வெளியே போகாமல் இருக்க, துணி சுற்றிய ஸ்பாஞ்சு உருளை. எறும்பு நுழைவதற்குக்கூட இடம் இல்லை.

கொரோனா சமயத்தில் வாங்கிய கரியமில வாயு மீட்டர் ஒன்று என் பையில் கிடந்தது. "அக்கா, இதை டிரெஸ்ஸிங் டேபிள் மேல வெச்சுடுங்க. எப்ப முழிப்பு வருதோ அப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று போட்டோ வந்தது. ராத்திரி 10.20-க்கு 640 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 640 பங்கு. ஒரு மணி சுமாருக்கு 2,410. விடிகாலை 5.40-க்கு 3,130. திறந்த வெளியில் இந்த அளவு 420-க்குச் சற்று மேலே இருக்கும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. தூங்கும் ஆள் ஒருவர் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுவார். நான்கு பேருக்கு, சின்னவர்களைக் குறைத்து வைத்தாலும், 40 லிட்டர். பத்துக்குப் பன்னிரண்டுக்குப் பத்து என்றால் 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர் காற்று. முழுசாக அடைத்த அறையில் மணிக்கு 1,100 பி.பி.எம்.முக்குமேல் ஏறத்தான் செய்யும். இடுக்கு வழியாகக் கொஞ்சம் கசிவதால்தான் மூவாயிரத்தோடு நின்றது.

மூவாயிரம் உயிரை எடுக்கிற அளவு கிடையாது. பயம் காட்டிக் கருவி விற்கிற வேலை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த எண் ஒரு விஷயத்தைச் சொல்கிறது: ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார். மூச்சோடு வியர்வை வாடை, ஈரப்பதம், சளி பிடித்தவர் இருமியது எல்லாமும் சேர்ந்தேதான் சுற்றுகிறது. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் பெட்டன்கோஃபர் என்பவர் 1858-லேயே, இந்த வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அறைக்காற்று கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஏ.சி. என்ற சாமானே உலகத்தில் இல்லாத காலம்.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை வாரத்துக்கு நான்கு பேர் கேட்கிறார்கள். "வெளிய ஒரு யூனிட் இருக்கே, அதுதானே வெளிக்காத்தை இழுத்து உள்ள அனுப்புது?" இல்லை. இரண்டு காப்பர் பைப்பில் போய் வருவது கேஸ் மட்டும்தான். காற்று ஒரு பொட்டுக்கூட வராது. ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, அங்கேயே விடுகிறது. பழைய விண்டோ ஏ.சி.யிலாவது 'வென்ட்' என்று ஒரு குட்டி லீவர் இருக்கும், இழுத்தால் கொஞ்சம் வெளிக்காற்றுக்கு வழி கிடைக்கும். அதையும் யாரும் இழுத்ததில்லை. ஏர் பியூரிஃபயரும் அப்படித்தான். தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவை ஒன்றும் செய்யாது.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். மாம்பலம், தி.நகர் பக்கத்துப் பழைய வீடுகளை நீங்கள் இடிப்பதற்கு முன்னால் பார்த்திருப்பீர்கள். பதினொன்று, பன்னிரண்டு அடி உயரக் கூரை, அதை ஒட்டிச் சுவரில் சின்ன வென்டிலேட்டர். நடுவில் ஆணி அடித்து, கயிறு இழுத்தால் திரும்புகிற மரச்சட்டம். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், அந்த இடத்துக்கு ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வரும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்த வீடுகளுக்கெல்லாம் ஏ.சி. வந்தது. "கூலிங் நிக்கவே மாட்டேங்குது" என்று புகார் வரும். நான்தான் தெர்மோகோலை அளவாக வெட்டி, வென்டிலேட்டரில் செருகி, பிரவுன் டேப் ஒட்டிவிட்டு வருவேன். ஐம்பது ரூபாய் டிப்ஸும் வாங்கிக்கொள்வேன். எத்தனை வீட்டில் அப்படி அடைத்தேன் என்று கணக்கே இல்லை. சில வீடுகளில் அந்த டேப் இன்னும் இருக்கிறது, மஞ்சளேறி. ஆக, பழி முழுவதையும் உங்கள் தலையில் போடுவதற்காக இதை எழுதவில்லை. நான் டேப் ஒட்டி அடைத்ததை நீங்கள் பிளானிலேயே எடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மாதிரி வீடு ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். தெர்மோகோலோடு ஏணியில் நின்றவனைப் பார்த்து, "ஜன்னலுக்குப் பழைய தமிழில் என்ன பேர் தெரியுமாப்பா?" என்று கேட்டார். "காலதர். கால்னா காத்து. அதர்னா வழி. நீ இப்ப அந்த வழியைத்தான் அடைச்சிட்டிருக்க." சிரித்துக்கொண்டே சொன்னார், அடைக்கவும் விட்டார். அவருக்கும் மே மாதம்தானே.

டக்ட் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது வீடுகளுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை நீங்கள் விடுகிற பொந்து. இதைப்பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதற்குள் கயிறு கட்டித் தொங்குகிறவன் நான்.

பிளானில் நீங்கள் அதற்கு ஓ.டி.எஸ். என்று பேர் எழுதுகிறீர்கள், ஓப்பன் டு ஸ்கை. மேலே வானம் தெரிய வேண்டும் என்பதுதான் பேரே. நான் போன வருஷம் இறங்கிய ஒரு டக்ட், ஐந்தடிக்கு ஆறடி. ஐந்து மாடி. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு அடுப்படி ஜன்னல், மூன்று பாத்ரூம் வென்டிலேட்டர் அதைப் பார்த்து இருக்கின்றன. சுவரில் ஏழு அவுட்டோர் யூனிட், சில இடங்களில் ஒன்றுக்கு ஒன்று முகம் பார்த்தபடி. நான்கு சிம்னி பைப் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உச்சியில், மழை உள்ளே அடிக்கிறது, புறா கூடு கட்டுகிறது என்று சொல்லிக் குடியிருப்போர் சங்கம் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடியிருந்தது. நான்கு பக்கமும் சிலிக்கான் வைத்து, சுத்தமான வேலை. வானத்தை மூடியாயிற்று. ஷீட்டுக்குக் கீழே நுழைந்துவிட்ட புறா இரண்டு உள்ளேயே குடித்தனம் நடத்தின; ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் விரல்கடை உயரத்துக்கு எச்சம். அந்த எச்சத்தின் தூசு வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரல் கெட்டுப்போகிற நோயே இருக்கிறது. நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது மாடி அடுப்படியில் நின்ற பாட்டி என்னத்தைக் கட்டிக்கொள்வார்?

அன்று வெளியே 38 டிகிரி. டக்டுக்குள் என் தெர்மாமீட்டர் 51 காட்டியது. ஆச்சரியமே இல்லை. ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 6,500 வாட் சூட்டை வெளியே தள்ளும். ஏழு ஓடினால் 45,000 வாட். பாத்ரூமில் இருக்கிற 2,000 வாட் வாட்டர் ஹீட்டரை இருபது எடுத்து ஒரே பொந்தில் போட்ட மாதிரி. ஒரு யூனிட் துப்புகிற சூட்டை அடுத்த யூனிட் இழுக்கும். மேல் மாடிக்காரர் ஏ.சி. மத்தியானம் இரண்டு மணிக்கு ட்ரிப் ஆகும். எனக்கு போன் வரும். நான் கேஸ் சரியாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார். அந்த மூன்றாவது மாடிப் பாட்டி ஜன்னல் வழியாக எனக்கு மோர் கொடுத்தார். "எங்க வீட்ல நான் அடுப்பே பத்த வைக்கல தம்பி, அதுக்குள்ள கீழ் வீட்டுத் தாளிப்பு இங்க வந்துடுது. ஜன்னலைத் தொறந்தா சூடு, மூடினா நெடி. நான் என்ன பண்ணட்டும்?"

சிம்னி சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு கன மீட்டர் இழுக்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். இழுப்பதற்குக் காற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும் அல்லவா? ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு அதைப் போட்டால் அது பாத்ரூமிலிருந்து இழுக்கும். "சிம்னி போட்டாலே சாக்கடை வாடை வருது" என்று யாராவது சொன்னால், நேராக விருந்தாளி பாத்ரூமுக்குப் போய் நஹானி டிராப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். தரைத் தண்ணீர் போகிற வாய் அது, அதில் தேங்கி நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும். புழங்காத பாத்ரூமில் டிராப்பின் தண்ணீர் காய்ந்துபோயிருக்கும். சிம்னி அந்த வழியாகச் சாக்கடைக் காற்றையே உறிஞ்சிக்கொண்டு வரும்.

இது வாடையோடு போகிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடியில் முன்னூறு பேருக்கும் மேல் நோய் கண்டது. ஆராய்ந்தவர்கள் சொன்னது இதுதான்: பாத்ரூம் தரையில் டிராப் காய்ந்திருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய்க்குள் இருந்த கிருமியோடு காற்றை இழுத்து வெளியே விட்டது, கட்டடத்துக்கு நடுவே இருந்த குறுகலான டக்ட் அதை மேல் மாடிகளுக்கு ஏற்றிவிட்டது. படித்தபோது நான் இறங்கிய டக்டுகள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

அடுத்தது கேஸ் கீசர். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே கை நடுங்குகிறது. என் அக்கா மகன் பன்னிரண்டு வயதில் பாத்ரூமுக்குள் மயங்கி விழுந்தான். கதவை உடைத்துத் தூக்கினோம், பிழைத்துக்கொண்டான். பாத்ரூமுக்கு உள்ளேயே கேஸ் கீசர். வென்டிலேட்டர் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டு ஆள் பார்க்கிறார் என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டி நிரந்தரமாகச் சாத்தியிருந்தார்கள். அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கேஸில் வாடை கலந்திருப்பதால் லீக் ஆனால் மூக்குக்குத் தெரியும். இதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மயக்கம் வருகிறது என்று உணர்வதற்குள் தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது. கீசரை டக்டில் தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்று பிளம்பர் சொல்வார். டக்டுக்கு மேலே ஷீட் இருந்தால் அந்தப் புகை எந்த வீட்டு பாத்ரூமுக்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து பாத்ரூமுக்கும் டக்டுக்கும் கேஸ் லைன் இழுத்துத் தருவதை நிறுத்துங்கள். கரண்ட் ஹீட்டர் இருக்கிறது, மொட்டை மாடியில் சோலார் இருக்கிறது.

புது வீட்டு வாசனை என்று ஒன்று இருக்கிறதே, கண் லேசாக எரியும், தொண்டை கரகரக்கும், வாங்கியவர்கள் பெருமையாக மூச்சை இழுப்பார்கள். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், கட்டில் என்று பிளைவுட்டும் எம்.டி.எஃப்.பும் ஒட்டுப் பசையோடு வந்து இறங்குகின்றன. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே வகைப்படுத்திவிட்டது. ஜப்பானில் இதனால் புது வீட்டுக்குப் போன பலர் நோயாளி ஆனார்கள், 'சிக் ஹவுஸ்' என்றே பேர் வைத்தார்கள். 2003 ஜூலையிலிருந்து அங்கே புதிதாகக் கட்டும் வீடுகளில் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற காற்றோட்ட ஃபேன் கட்டாயம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீட்டுக் காற்று முழுவதும் மாற வேண்டும் என்று சட்டம். நம் ஊரில் கிரகப்பிரவேசத்தன்று ஹோமப் புகை தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறந்துவைப்பார்கள். அந்த ஒரு நாள்தான்.

விதி இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நம்மைப் போல் புழுக்கமான ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. பிளானில் அதைக் காட்டியும் விடுகிறீர்கள். ஆனால் இரண்டு டிராக் ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் போய்த்தானே நிற்கும்? ஐந்தடி ஜன்னலில் இரண்டரை அடிதான் திறக்கும். திறக்கிற பாகத்தைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தொகுப்பே சொல்கிறது. கண்ணாடியின் அளவை யாரும் கேட்கவில்லை. திறந்த அந்த இரண்டரை அடியிலும் காற்று வராது, ஏனென்றால் அந்த அறைக்கு வேறு பக்கம் திறப்பே இல்லை. ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். புகை நேரே மேலே போகும். கதவைத் திறந்து, எதிர்ப்பக்கத்து பால்கனியையும் திறங்கள், புகை படுத்துவிடும். ஒரு வழி இருந்தால் காற்று எட்டிப் பார்க்கும், இரண்டு வழி இருந்தால்தான் உள்ளே வரும். சென்னையில் வெயில் காலத்து மத்தியானத்தில் கடற்காற்று கிழக்கேயிருந்து இலவசமாக வருகிறது. பிரவுஷரில் 'கிராஸ் வென்டிலேஷன்' என்று பச்சை அம்புக்குறி போட்டு வரைகிறீர்களே, அந்த அம்பு சில வரைபடங்களில் சுவரைத் துளைத்துக்கொண்டு போவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ஜன்னல் வெச்சுக் கொடுத்தோம், தொறக்காதது அவங்க தப்பு" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பாதி நியாயம். ஆனால் ஆறு மணி ஆனால் இந்த ஊரில் ஜன்னல் ஏன் சாத்தப்படுகிறது என்று யோசியுங்கள். கொசு. ஏ.சி. இல்லாத வீட்டில்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்துகிறார்கள். 2003-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள், 75-லிருந்து 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று கண்டார்கள். அதுவும் சாத்திய அறைக்குள். நீங்கள் ஜன்னலோடு கொசுவலைக் கதவும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்தச் சுருளுக்கு வேலையே இல்லை. அதை 'எக்ஸ்ட்ரா வொர்க்' என்று தனியாகப் பில் போடுகிறீர்கள். அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் வலை போட்டவர்களை நான் பார்த்ததே இல்லை.

வெளிக்காற்று மட்டும் யோக்கியமா என்றும் கேட்பீர்கள். எப்போதும் இல்லை. போகி விடியற்காலையில் ஜன்னலைத் திறக்கச் சொல்ல மாட்டேன். 2018 போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியவில்லை. தீபாவளி ராத்திரியும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது எங்கள் பகுதியில் எல்லாரும் அடைத்துக்கொண்டுதான் கிடந்தோம். அதனால்தான் 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்பதோடு நிறுத்தாமல் ஓட்டையைக் கேட்கிறேன். ஓட்டைக்கு மூடி போடலாம், ஃபில்டர் போடலாம். ஜன்னலுக்கு முடியாது.

வேலை இப்படி. படுக்கையறையின் வெளிச்சுவரில், தரையிலிருந்து ஏழடி உயரத்தில், கட்டிலுக்கு நேராக இல்லாமல், நான்கு அங்குல பி.வி.சி. ஸ்லீவ், அதாவது சுவருக்குள் பதிக்கிற குழாய். வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே வரும். வெளியே குடை மாதிரி ஒரு கௌல், எவர்சில்வர் வலை. உள்ளே கழற்றிக் கழுவுகிற ஃபில்டரோடு ஒரு மூடி. இது உள்ளே வருகிற வழி. வெளியே போகிற வழி ஏற்கெனவே இருக்கிறது: அறையோடு ஒட்டிய பாத்ரூம். அதில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, ரெகுலேட்டர் வைத்து ராத்திரி முழுவதும் மெதுவாக ஓட விட வேண்டும். பாத்ரூம் கதவுக்குக் கீழே முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். கிரானைட் வாசற்படியோடு ஒட்டவைத்து, பிறகு ஃபேன் இழுக்கவில்லை என்று சொன்னால் எப்படி இழுக்கும்? ஃபேன் துப்புவது மூடிய டக்டுக்குள் இல்லாமல் திறந்த வெளியில் இருக்கட்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஏ.சி. என்ஜினியர்களுக்கான ஆஷ்ரே அமைப்பு வீடுகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆளுக்கு 7.5 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று), அதோடு 100 சதுர அடிக்கு 3 சி.எஃப்.எம். நான் சொன்ன அந்த நான்கு பேர் அறைக்குச் சுமார் 34 வரும். அந்தச் சின்ன ஃபேனுக்கு இது தூசு. 3,130-ல் நின்ற மீட்டர் 1,200 பக்கம் வந்துவிடும். கூடுதலாக வருகிற புழுக்கக் காற்றைக் குளிரவைக்க ஏ.சி.க்கு ராத்திரிக்கு ஒரு யூனிட் கரண்ட் போல அதிகம் ஆகும், என் கணக்கில். அதை மறைத்து 'கரண்ட் ஆகாது' என்று சொல்ல மாட்டேன். 18-ல் வைத்துவிட்டு இரண்டு ரக்கு போர்த்திக்கொள்வதை விட்டு 25-ல் வைத்தால் அந்த ஒரு யூனிட்டுக்குமேல் திரும்பக் கிடைத்துவிடும்.

டக்டையும் விட்டுவிடாதீர்கள். அவுட்டோர் யூனிட்டுக்கு வெளிப்பக்கம் தனியாக ஸ்லாப் வைத்துக் கொடுங்கள், ஒரு ஆள் நின்று வேலை பார்க்கிற அகலத்தில். என் பையன்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். சிம்னிக்கென்று தனிக் குழாயை மொட்டை மாடிவரை ஏற்றிவிடுங்கள். மழைக்குப் பயந்து சங்கத்துக்காரர்கள் ஷீட் போடத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நீங்களே, பக்கவாட்டில் இரண்டடி திறந்திருக்கிற மாதிரி, வலையோடு ஒரு தூக்கிய கூரையைப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அடைக்கிற வேலை இருக்காது.

பிளானிலும் ஒன்று சேர்க்க வேண்டும். தண்ணீர் எங்கே வந்து எங்கே போகிறது என்று பிளம்பிங் டிராயிங் போடுகிறீர்கள். கரண்டுக்குப் போடுகிறீர்கள். ஒவ்வொரு அறைக்கும் காற்று எங்கே வந்து எங்கே போகிறது என்று ஒரு தாள் போட்டு, வீடு வாங்குகிறவர் கையில் கொடுங்கள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும் ராத்திரிக்கான டிராயிங்கையே கொடுங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத் திருத்தும்போது அதைக் கட்டாயம் ஆக்கினாலும் நல்லதுதான். அதற்குக் காத்திருக்காமல் உங்களில் யாராவது ஒருவர் முதலில் செய்துவிட்டால், அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கிளப் ஹவுஸ், நீச்சல் குளம் படத்துக்குப் பக்கத்திலேயே.

அந்த ஏழாவது மாடி அக்கா வீட்டில் பிறகு நானே துளை போட்டேன். சங்கத்தில் அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது, வெளிச்சுவர் அழகு கெட்டுவிடும் என்று இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். கட்டி முடித்து, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்த சுவரில் கோர் கட்டிங் போட்டால் வீடு முழுக்கத் தூசு, கம்பி குறுக்கே வருமோ என்று பயம், பிறகு பட்டி பார்த்து டச்-அப் வேறு. கட்டும்போதே ஸ்லீவ் வைத்திருந்தால் ஒரு அடிக் குழாய், ஒரு கொத்தனார், பத்து நிமிஷம். சின்னவன் இப்போது ராத்திரியில் எழுந்து உட்காருவதில்லையாம். அது ஓட்டையாலா, பள்ளிக்கூடம் திறந்து களைத்துப்போய்த் தூங்குகிறானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மீட்டரில் விடிகாலை 1,180 இருந்தது. அது தெரியும்.

உங்கள் அடுத்த சைட்டில் பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் கூப்பிடுங்கள். ஒரு மாடலுக்கு ஒரு அறையில் இலவசமாகவே செய்து தருகிறேன். நான்கு அங்குல கோர் பிட் என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஏ.சி. மெக்கானிக்
வேளச்சேரி, சென்னை